திரைக்கு வராமல் ஃபைலுக்குப் போனவை

கம்ப்யூட்டருக்கான சி மொழி சொல்லிக்கொடுக்கிற வேலையில் தப்பு செய்வது பிள்ளைகள், தொண்டை வறளக் கத்துவது வாத்தியார். பசுந்தாங் பேட்டையில் ஒரு மாடிப் பயிற்சிக் கூடத்தில் நான் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தேன். நீங்களும் பிள்ளைகளோடு மாரடிக்கிறவர் என்றால் என் பாடு புரியும். முதலாளி ஊ டின் கறாராகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை அவர் கண்ணெதிரே பிள்ளைகள் எழுதிய ஷெல் ஓடணும், இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார். என் பிழைப்பும் அதோடு சரி.

ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓடவிடும் புரோகிராம். கட்டளைக்குப் பின்னால் '>' போட்டு ஒரு ஃபைல் பெயர் கொடுத்தால், விடை திரைக்கு வராமல் அந்த ஃபைலுக்குப் போகணும். இவ்வளவுதான் சமாச்சாரம். இதற்குத்தான் என் உயிர் போனது.

ஊமையான திரை

கோ மின், அலோன் பேட்டையிலிருந்து வருகிற மாணவன். கட்டளையை ஓட்ட ஷெல் தன்னைப்போலவே தனியாக ஓடுகிற ஒரு பிள்ளைப் புராசஸைப் பெறும், விடையை ஃபைலுக்குத் திருப்புகிற வேலையை அதற்குள்தான் செய்யணும் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். இவன் தாய் ஷெல்லிலேயே செய்துவைத்தான். அதற்குப் பிறகு வந்த விடையெல்லாம் அதே ஃபைலுக்குள் போய் விழுந்தது. அரைமணி நேரம் முட்டிமோதிவிட்டு என்னிடம் வந்தான். டீச்சரை இங்கே சயாமா என்பார்கள், ஆண்களானால் சயா.

"சயாமா, இந்த மானிட்டர் செத்துப்போச்சு, வேற குடுங்க."

யாருமில்லாத வகுப்பு

ரஹீம், தமிழ்க் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. என் கோபத்தைத் தமிழிலேயே கேட்கிற பாக்கியம் அவன் ஒருவனுக்குத்தான். சோதித்துப் பார்க்க உலகத்தில் வேறு ஃபைலே இல்லாத மாதிரி, வகுப்பின் மூன்று மாத வருகைப் பட்டியலை எடுத்தான். பெயர்களை அகரவரிசையில் அடுக்கச் சொல்லி, விடையை அதே ஃபைலுக்கு அனுப்பினான். ஷெல் முதலில் ஃபைலைத் துடைத்துவிட்டுத்தான் கட்டளையை ஓட்டும். அப்புறம் அடுக்க என்ன இருக்கும்?

நகல் அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. என் புத்தியைச் சொல்லணும். ஊ டின் ஒருநாளும் பட்டியல் கேட்டதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்துவிட்டேன். ரஹீமோ நிதானமாகச் சொன்னான்:

"ஷெல் சரியாத்தான் ஓடுது சயாமா. பட்டியல்லதான் யாருமே இல்ல."

சனிக்கிழமை

ஊ டின், கோ மின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் திருத்தி வைத்திருந்த ஷெல்லில் தட்டினார். விடைகள் ஒழுங்காக ஃபைலுக்குப் போயின. பிறகு வேண்டுமென்றே தப்பான கட்டளை ஒன்றைக் கொடுத்தார். 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று திரையிலேயே வந்தது. இது மட்டும் ஏன் ஃபைலுக்குப் போகவில்லை என்று முகத்தைச் சுளித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கோ மின் சொல்லிவிட்டான்: "பிழைக்குத் தனி வழி, சயா. அதை மறைச்சு வைக்கக் கூடாதுன்னு சயாமா சொல்லியிருக்காங்க."

ஊ டின் முகம் மலர்ந்துபோனது.

"நல்ல பாடம். வகுப்பு நடக்கட்டும். சயாமா, அந்த மூணு மாச வருகைப் பட்டியலைக் கொஞ்சம் காட்டுங்க."

பிள்ளைகளின் பிழையெல்லாம் திரையில் வரணும் என்று மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தியவள், என் பிழையை மட்டும் அந்தக் காலி ஃபைலுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தேன்.