பக்கெட்டில் மூழ்கிய டைவிங் வாட்ச்

துபாயிலிருந்து இன்று காலை சேக்காட்டுக்கு வந்த அக்கா வீட்டுக்காரர், "இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும்" என்று புது டைவிங் வாட்ச்சைப் பக்கெட் தண்ணீரில் போட்டார். அது அவருடைய இரண்டு வருட ஓவர்டைம் காசு.

லேத்தில் டர்னராக இருக்கும் எதிர்வீட்டு அண்ணன் பதறினார். "மாப்ளே, டைம் மாத்துற திருகை மரையில இறுக்குனியா? இறுக்குனாதான் உள்ள கீற ரப்பர் வளையம் தண்ணிய தடுக்கும்."

மாமா முகம் வெளுத்துவிட்டது. "ஏர்போர்ட்ல டைம் மாத்துனேன்... இறுக்குனேனான்னு நெனப்பு இல்லியே!"

அக்கா பக்கெட்டில் கையை விட்டு வாட்ச்சை எடுத்தாள்.

ரேடியோவில் மணி பதினொன்று. வாட்ச்சில் ஒன்பதரை.

"நின்னுபோச்சா?" என்றார் மாமா.

இல்லை, விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதரை என்பது துபாய் நேரம்; மனிதர் டைமை மாற்றவே இல்லை! துபாயில் இறுக்கிய திருகு அப்படியே இருந்தது.

இனி அந்தத் திருகைத் தொடவே மாட்டாராம். அவரை விருந்துக்குக் கூப்பிடுபவர்கள் விருந்து நேரத்தை ஒன்றரை மணி நேரம் குறைத்துச் சொல்லிவிடுங்கள்.