அதிர்த்திக்கு இந்தப் பக்கம்

வெள்ளறடைச் சாலையில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள சாயாக்கடையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. எது எந்த வருஷம் நடந்தது என்று தர்க்கம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவன்தான்.

ஒரு நாள் காலைப் பத்திரிகையில் மரண தண்டனைச் செய்தி ஒன்று வந்திருந்தது. எந்த நாட்டில் சுடுகிறார்கள், எங்கே ஊசி போடுகிறார்கள், எங்கே தலையை வெட்டுகிறார்கள், எங்கே அந்தத் தண்டனையே இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஊசிண்ணா நோவாதா சாரே? எனக்கு ஆஸ்பத்திரி ஊசிக்கே தல சுத்தும்" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொன்னேன்:

"நம்ம மண்ணுல தூக்கே கெடையாது, தெரியுமா? நாப்பத்தி நாலுல திருவிதாங்கூர் ராஜா அத எடுத்துக் களஞ்சாரு. அதிர்த்திக்கு அந்தப் பக்கம் வெள்ளக்காரன் தூக்குல போடுவான். இந்தப் பக்கம் கொன்னவனுக்கும் உயிரு உண்டு."

"ராஜாண்ணா அது ராஜாவாக்கும்!" என்று ஒருவர் மேசையைத் தட்டினார்.

நான் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. அன்றைய அதிர்த்தி, அதாவது எல்லை, கிழக்கே வெகு தொலைவில் ஆரல்வாய்மொழியில் இருந்தது. 1951-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கும் வந்தபோது தூக்கும் திரும்பி வந்தது. இன்றுள்ள எல்லை பிரிந்தது 1956-இல். ஆகவே இந்த எல்லை பிறந்த நாளிலிருந்தே இரண்டு பக்கமும் ஒரே சட்டம்தான். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பாதியிலேயே பாராட்டு கிடைத்துவிட்டது.

பெஞ்சின் ஓரத்தில் எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரும் தம்பியும் சேர்ந்து பார்க்கும் ரப்பர் தோட்டத்தின் நடுவில்தான் எல்லைக்கல் நிற்கிறது. கல்லுக்கு மேற்கே கேரளம், கிழக்கே தமிழ்நாடு. அதிர்த்தி என்றால் அவருக்கு அந்தக் கல்தான்; ராஜாவின் மண் என்றால் கல்லுக்கு மேற்கே.

அந்த மழைக்காலத்தில் தோட்டத்தில் வேலித் தகராறு வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் பால்வெட்டும் கத்தியை ஓங்கினார். தம்பி மண்வெட்டியால் அடித்தான். அவர் இறந்துபோனார். பார்த்த ஒரே சாட்சி அண்ணனாகிய ஆட்டோக்காரர். கத்திதான் முதலில் உயர்ந்தது என்று சொல்ல வேறு ஆளில்லை.

அவர் போலீசில் அதைச் சொன்னார். கூடவே, அடிதடி நடந்தது கல்லுக்கு மேற்கே என்றும் சொன்னார். ரத்தம் கிடந்ததோ கிழக்கே. வழக்கு தமிழ்நாட்டில்தான் நடந்தது. சாட்சிக் கூண்டில் அவர் நின்றபோது அரசு வக்கீல் அந்த முதல் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி, இடத்தையே மாற்றிச் சொன்னவர் கத்தியைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டாராம். நீதிமன்றம் நம்பவில்லை. தம்பிக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இடத்தை ஏன் மாற்றிச் சொன்னார் என்று சாயாக்கடையில் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இரண்டு மாதம் அவருடைய ஆட்டோவைத் தவிர்த்துப் பஸ்ஸில் போனேன்.

போன வாரம் பாறசாலை ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் வரவில்லை. அவர்தான் வண்டியை நிறுத்தினார்.

"கேறும் சாரே."

பாதி வழியில் மூன்று வருஷங்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டேன். நாற்பத்து நான்கு, ஐம்பத்தொன்று, ஐம்பத்தாறு. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இது சாருக்கு அண்ணைக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவர் வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"வக்கீலு பறஞ்சாரு, ரெண்டு பக்கமும் ஒரே சட்டம் தானாக்கும்ணு. கோர்ட்டுலயும் கேட்டாவ, உனக்கு இத ஆருடே சொல்லித் தந்ததுண்ணு. நான் சாருக்க பேர பறயேல்ல. சாயாக்கடையில பலரும் பலதும் பேசுவாவ, அதுல கேட்டதாக்கும்ணு சொன்னேன்."

"பறஞ்சிருக்கலாமே" என்றேன்.

"என்னத்துக்கு? சாரு படிச்ச ஆளு. கோர்ட்டு, கேசுண்ணு சாரும் அலையணுமா?"

மேல்முறையீட்டுக்காக வக்கீலிடம் வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"வந்தா முழுசும் சொல்லுவீரா சாரே?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சொல்வேன் என்றேன். திங்கட்கிழமை காலை வருவதாகச் சொன்னார். ஸ்டேஷனில் என் பையை வழக்கம்போல அவரே இறக்கி வைத்தார்.

நாளை திங்கட்கிழமை. இன்று காலை கடைக்காரர், "சாரே, அந்த ராஜா கத ஒண்ணு சொல்லும், இவரு கேட்டதில்ல" என்று புதிதாக வந்த ஒருவரைக் காட்டினார். சாயாவை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.