கல்லை நக்கிப் பார்த்தவர்

மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாரு போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், வெயிலில் கறுத்து, சப்பாத்தெல்லாம் மண்ணாக இருந்தார். பையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து நாக்கால் நக்கிப் பார்த்தார்.

"ஈரமானா நெறம் நல்லா தெரியும்க்கா. கல்லு ஆராயுறதுதான் என் வேல," என்று சிரித்தார்.

நான் மடியிலிருந்த ஸ்படிக லிங்கத்தை எடுத்து நீட்டினேன். மூன்று வருஷமாகப் பாலூற்றிக் கும்பிடும் சாமி. "இது வெறும் கண்ணாடிலா அண்ணி," என்று நாத்தனார் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கோயில் ஐயரிடம் கேட்கத்தான் கொண்டுபோனேன்.

"தம்பி, நக்கிடாதீங்க!"

"சாமியப் போய் நக்குவேனாக்கா?" லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ஸ்படிகம் மினரல். மண்ணுக்குள்ள தானா வெளையும், அணுவெல்லாம் வரிசையா நிக்கும். கண்ணாடி மனுசன் உருக்கி ஊத்துறது, உள்ள வரிசையே கெடையாது. இதுல உருண்டையா காத்துக் குமிழி இருக்கு. கண்ணாடிதான்க்கா."

"அப்ப நான் கும்பிட்டதெல்லாம்?"

"அதப் பார்க்க எங்கிட்ட லென்ஸ் இல்லக்கா."

சொல்லிவிட்டு, லிங்கத்தைச் சட்டையில் துடைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்தார்.

மினரல் இல்லை என்று சொன்னவரே ஏன் அப்படிச் செய்தார்? தினமும் பாலூற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். சிரிப்பும் வருகிறது, கையும் தன்னால் கூப்பிக்கொள்கிறது.