சங்குப்பூ வேலியும் ஒரு எலுமிச்சம்பழமும்

போன வருஷம் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெருங்களத்தூரில் ஒரு அபார்ட்மெண்ட் ஹாலில் ஓவியக் கண்காட்சி. பூவும் செடியும்தான் எல்லாப் படங்களுக்கும் விஷயம். வரைந்தவர்கள் ஒரே ஓவிய வகுப்பில் படிக்கும் பெரியவர்கள். அவர்களோடு ஏழாவது படிக்கும் என் மகளும் ஒருத்தி.

பிள்ளைகளே, அவள் கடையில் வாங்கிய பெயிண்ட்டில் வரையவில்லை. பொழிச்சலூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பூ கட்டி விற்பவர். அவர் வீட்டு வேலி முழுக்க நீலச் சங்குப்பூ. தினமும் காலையில் ஒரு கிண்ணம் பறித்துக் கொடுப்பார். அதைக் கசக்கிச் சாறெடுத்து, அந்த வேலியையே வரைந்தாள் என் மகள். ஒரு மாசத்துக்கு மேல் அதே வேலையாக இருந்தாள்.

கண்காட்சிக்கு அக்காவும் வந்தார். இப்படி ஒரு இடத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைவது போல உள்ளே வந்தார். என் மகள் படத்தைப் பார்த்ததும் குரல் தானாக உயர்ந்துவிட்டது.

“அய்ய! இது நம்ம வூட்டு வேலி! அந்த ஒடைஞ்ச மூங்கிலக்கூட வுடல பாரேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “இத்தினி பேரு பாக்குறாங்க, புள்ளைக்குக் கண்ணு பட்டுடும்” என்று முந்தானை முடிச்சிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். என் மகளுக்கும் படத்துக்கும் சேர்த்துச் சுற்றினார். வாசலுக்குக் கொண்டுபோய் நசுக்க வேண்டியதை, ஆசை வேகத்தில் அங்கேயே கையால் நசுக்கிவிட்டார். நன்றாகப் பழுத்த பழம். சாறு பீய்ச்சி அடித்தது. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் கிடையாது, அட்டையில் ஒட்டி கிளிப் மாட்டியிருந்தார்கள். நீலப் பூக்களின் மேல் பொட்டுப் பொட்டாக ஈரம்.

“யாரு இவங்க? யார் கூட வந்தாங்க?” என்று பின்னால் யாரோ மெதுவாகக் கேட்டார்கள். என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ அவளைப் பார்ப்பதா, அக்காவைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

“அய்யோ கண்ணு, இன்னா காரியம் பண்ணிட்டேன்! நல்லது பண்றேன்னு வந்து...” அக்கா பழத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் என் மகள் என் சட்டையை இழுத்தாள். “அப்பா, பிங்க் ஆவுதுப்பா!”

குனிந்து பார்த்தேன். சாறு பட்ட இடத்திலெல்லாம் நீலம் மாறி, இளம் ரோஜா நிறம் வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“அத்தை, போகாதீங்க! அந்தப் பழம் எனக்கு வேணும்.”

“வாணாம் கண்ணு. பண்ணினதே போதும்.”

“ப்ளீஸ் அத்தை. உங்க வேலிக்கு இன்னும் கொஞ்சம் பூ வைக்கணும்.”

அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, படத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள். வகுப்புக்காரர் ஒருவர் நீட்டிய பிரஷ்ஷை மிச்சச் சாற்றில் நனைத்து, சாறு தெறித்த இடங்களை ஒவ்வொன்றாக ரோஜா நிறப் பூவாக மாற்றினாள். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள். ‘யாரு இவங்க’ என்று கேட்ட அம்மாவே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அக்காவை உட்கார வைத்தார்.

அக்காவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. “ஏண்டி, நம்ம வேலில நீலம் மட்டும்தான கீது? இந்தக் கலரு எங்கேந்து வந்துச்சு?”

“நீங்க முந்தானைல முடிஞ்சு கொண்டாந்தீங்களே, அதுதான்.”

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பூச்சாறு இல்லையா, நிறம் கொஞ்சம் மங்கிவிட்டது. யாராவது தெரியாமல் ஒரு தப்பு செய்துவிட்டு என் முன்னால் கூனிக்குறுகி நின்றால், எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் வாசலுக்கு ஓடிய என் மகளின் காலடிச் சத்தம் இன்றைக்கும் காதில் கேட்கிறது.