பர்ச்சேஸ் மேனேஜர் தெரசம்மாள்

செண்பகனூரில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கீழே, சரிவில் இறங்கும் படிக்கட்டின் கடைசி வீட்டில் உபகாரம் குடியிருந்தார். மலைமேல் இருந்த ஓர் உறைவிடப் பள்ளியில் அவருக்கு எலக்ட்ரீசியன் வேலை. பல்பு மாற்றுவது, வெந்நீர் பாய்லரைப் பழுது பார்ப்பது, மழைக்காலத்தில் ஜெனரேட்டரை ஓட வைப்பது, இவைதான் சோலி. பிள்ளைகள் இல்லை. மனைவி தெரசம்மாள் 1982 ஜூலை 9 அன்று மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதன்பின் அந்த வீட்டில் பேச்சுக்கே வேலையில்லாமல் போனது. சாயங்காலம் வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் பள்ளியில் யாராவது "பாய்லர் என்னாச்சு உபகாரம்?" என்று கேட்கும் வரை அவர் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

தெரசம்மாள் பூண்டிக்காரி. அவளுடைய அண்ணன் மரியசூசை அங்கே பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். தை மாதம் உறைபனி இறங்கினால் ஒரே ராத்திரியில் செடி கருகிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் ஓரமாகச் செத்தையைக் கொளுத்திப் புகைமூட்டம் போட்டுக் காப்பாற்றலாம். தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? அவள் உயிரோடு இருந்தபோது ஒருமுறை கேட்டாள்.

"இத்தன வயர வீடு பூராப் பரப்பிப் போட்டிருக்கீங்களே, பனி எறங்கறதுக்கு முன்னாடி மணியடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு எங்க அண்ணனுக்குக் குடுக்க முடியாதா?"

"உங்க அண்ணன் மணியடிச்சா எந்திரிக்கிற ஆளா? கோயில் மணிக்கே எந்திரிக்க மாட்டாரு."

"மணி நின்னுறாம அடிக்கட்டும். பெறகு எப்படிப் படுத்திருப்பாக?"

அன்று சிரித்து விட்டுவிட்டார். அவள் போன பிறகு அந்தப் பேச்சு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

பள்ளி நூலகத்தில் கழித்துப் போட்ட ஆங்கில எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளை உபகாரம் வீட்டுக்கு எடுத்து வருவது வழக்கம். அதில்தான் மைக்ரோகண்ட்ரோலரைப் பற்றிப் படித்தார். ஒரு தீப்பெட்டி நீளமே உள்ள ஐ.சி. சில்லு ஒன்றுக்குள் சின்னக் கம்ப்யூட்டரே அடங்கியிருக்கிறது. நாம் சொல்லிவைத்ததை மறக்காமல் செய்துகொண்டே இருக்கும். வெப்பம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமில்லை, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்றும் அது கணக்குப் பார்க்கும். பனிக்கு அதுதான் வேண்டும் என்று அவருக்குப் பட்டது. மதுரையில் நாலு கடை ஏறி இறங்கினார். அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்கள் யாருமில்லை.

பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு விளம்பரம் இருந்தது. புதிய கருவி செய்ய நினைக்கும் கம்பெனிகள் சாம்பிள் கேட்டு எழுதலாம், இலவசம் என்று போட்டு, பெங்களூரில் இருந்த விற்பனை முகவரின் விலாசமும் கொடுத்திருந்தார்கள். கம்பெனிகளுக்கு மட்டும்தான். உபகாரம் கொடைக்கானல் பஜாருக்குப் போய், ஒலியுல்லாவின் அச்சகத்தில் 'பழனி ஹில்ஸ் கண்ட்ரோல்ஸ்' என்று லெட்டர் பேடு அடிக்கச் சொன்னார்.

"முதலாளி பேரு?" என்றார் ஒலியுல்லா.

"பேரு வேணாம் பாய். கம்பெனி பேரு மட்டும் போதும்."

"இன்கம்டாக்ஸ்காரனுக்கு இப்பவே ஒளியிறீங்களாக்கும்."

எழுதிப் போட்டதற்குப் பெங்களூரிலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில்தான் சிக்கல். தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஒருவர், பர்ச்சேஸ் மேனேஜர் ஒருவர், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் போடக் கூடாது என்று அடிக்கோடிட்டிருந்தது. முதல் இடத்தில் தன் பெயரை எழுதினார். இரண்டாவதற்கு யாரிடம் போய் நிற்பது? பள்ளியில் கேட்டால் சமையற்கட்டு வரைக்கும் சிரிப்பார்கள். இரண்டு நாள் படிவம் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள், அந்த வீட்டில் பர்ச்சேஸ் யார் கையில் இருந்தது என்று யோசித்தார். சம்பளக் கவரை வாங்கி வைத்துக்கொண்டது அவள். ஈயக்கம்பி வாங்கக்கூட அவளிடம் கேட்டுத்தான் வாங்கினார். 'திருமதி தெரசம்மாள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பாங்கில் அவள் போடுவது போலவே கடைசி எழுத்தை வாலாக இழுத்துக் கையெழுத்தும் போட்டார். ஆண்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்ற இடத்தில் ஆயிரம் என்று போட்டார். ஒரு பொய்யோடு இன்னொரு பொய் என்று இருந்தது அவருக்கு. ஆனால் முதலாவதைப் பொய் என்று மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

1984 ஆகஸ்டில் ரிஜிஸ்டர் பார்சல் வந்தது. தபால்காரர் மலைச்சாமி படி இறங்கி வந்தவர், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அக்கா பேருக்கு வந்திருக்கு."

"ஆமா."

"எறந்தவுக பேருக்கு வந்தா நாங்க அப்பிடியே எழுதித் திருப்பி அனுப்பணும்ணே. ரூல்சு."

"கீழ கம்பெனி பேரும் போட்டிருக்குல்ல மலைச்சாமி. கம்பெனி ஆளுன்னு நான் வாங்கிக்கிறேன்."

மலைச்சாமி பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா எப்பண்ணே கம்பெனி வச்சாக?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

உள்ளே கறுப்பு நுரைப்பஞ்சில் குத்தியபடி ஒரே ஒரு மைக்ரோகண்ட்ரோலர். நாற்பது கால். முதுகின் நடுவில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். கூடவே டைப் அடித்த கடிதம்: 'அன்புள்ள திருமதி தெரசம்மாள்.' உபகாரம் சில்லை மேசையில் வைத்துவிட்டுக் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். அந்தப் பெயரை யாரோ ஒருவர் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் தட்டியிருக்கிறார்கள். உறவுக்காரர்கள்கூட இப்போது அவளைப் பெயர் சொல்வதில்லை; 'அந்தப் புள்ள' என்றுதான் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் எழுதிக்கொண்டே இருந்தார். விளக்கப் புத்தகம் வேண்டும் என்று ஒரு கடிதம், சில்லுக்குத் துடிப்புக் கொடுக்கும் படிகம் ஒன்று அனுப்ப முடியுமா என்று இன்னொன்று, புத்தகத்தில் ஒரு பக்கம் சரியாக அச்சாகவில்லை என்று மற்றொன்று. உண்மையில் அந்தப் பக்கம் சுமாராகப் படிக்கும்படிதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, எல்லாம் அவள் பெயருக்கு. டிசம்பர் கடைசியில் சுவரில் மாட்டும் காலண்டர் ஒன்றும் வந்தது, அதுவும் பர்ச்சேஸ் மேனேஜருக்கு. தொழில்நுட்பப் பொறுப்பாளருக்கு ஒரு பேனாகூட வரவில்லை.

"ஒனக்குத்தான் மரியாத" என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னார். தன் குரலை அந்த வீட்டில் கேட்க அவருக்கே கொஞ்சம் அந்நியமாக இருந்தது.

சில்லுக்குள் கட்டளைகளை ஏற்ற ஒரு பலகை செய்தார். சின்னச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். பாதிக்கு மேல் ஏற்றியபோது கரண்ட் துள்ளி அணைந்தது. கரண்ட் வந்ததும் பார்த்தால் ஏறக் கூடாதது எதுவோ ஏறிக் கிடந்தது. பிழையாக ஏறினால் மொத்தத்தையும் அழித்துவிட்டுத்தான் மறுபடி ஏற்றலாம். அழிக்க ஒரு விளக்கு உண்டு. அது அவரிடம் இல்லை. ஆனால் முதுகிலிருக்கும் சன்னலில் ஒரு வாரம் நேர் வெயில் பட்டாலும் அழிந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

கொடைக்கானலில் ஒரு வாரம் நேர் வெயில். உபகாரம் சில்லைத் தெற்குப் பார்த்த சன்னலின் உட்பக்கம் வைத்தார். வெளியே வைக்க வழியில்லை. பனியில் நனைந்துவிடும், நனையாவிட்டால் குரங்கு எடுத்துக்கொண்டு போய்விடும், துணி சோப்பையே விடாத குரங்குகள். மாதங்கள் போயின. மேகம் விலகுகிற நாளெல்லாம் நகர்த்தி நகர்த்தி வைத்தார். சோதித்துப் பார்த்தால் எதுவும் அழியவில்லை. மேகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இன்னொரு சில்லு கேட்டு எழுதலாம்தான். ஆனால் முதல் சாம்பிள் என்னாயிற்று என்று கேட்பார்களே என்று தள்ளிக்கொண்டே போனார்.

1985 அக்டோபர் முடிவில் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. பெங்களூர் அலுவலகத்திலிருந்து ஞானவேல் என்ற விற்பனைப் பொறியாளர் நவம்பர் 14 அன்று வருகிறார். திருமதி தெரசம்மாளைச் சந்தித்து, படிவத்தில் போட்டிருந்த ஆயிரம் பற்றிப் பேச விரும்புகிறார்.

உபகாரம் அன்று லீவு போட்டார். வீட்டைப் பெருக்கி, வயர்களைச் சுருட்டிக் கட்டினார். கடைசியாகச் சுவரில் இருந்த படத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் மாலை போட்ட தெரசம்மாள் படம். மாட்டிய நாளிலிருந்து அதை இறக்கியதில்லை. வந்து பார்ப்பவனுக்கு மாலை ஒன்றே போதும், எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் அவள் பெயருக்கு எதுவும் வராது. ஸ்டூலைப் போட்டு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். படத்தை அலமாரிக்குள் சேலைகளுக்கு மேல் முகம் மேலே பார்க்கும்படி படுக்க வைத்தார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் புகை படியாமல் வெளுப்பாகத் தெரிந்தது.

ஞானவேல் பதினோரு மணி பஸ்ஸில் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். அரைக்கைச் சட்டை, கையில் ஒரு தோல் பெட்டி. படியில் நின்றபடியே மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபேக்டரி எங்க சார் இருக்கு?"

"இதாங்க."

"ஓ." வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். "எத்தன பேரு வேல செய்றாங்க?"

"ரெண்டு பேருங்க."

"மேடம் இருக்காங்களா?"

"வெளிய போயிருக்கா."

"இருக்கட்டும், வரட்டும். எனக்குச் சாயங்காலம் வரைக்கும் வேற சோலியில்ல."

அந்தச் 'சோலி'யைக் கேட்டு உபகாரம் நிமிர்ந்தார். சொந்த ஊர் வத்தலக்குண்டு என்றார் ஞானவேல். வத்தலக்குண்டில் பிறந்தவன் மலை ஏறி ஒருநாள்கூட ஸ்வெட்டரோடு வந்ததில்லை, கீழே இருந்து பார்த்தால் குளிர் தெரியாதே என்று அவரே சொல்லிச் சிரித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்தது. ஞானவேலுக்குப் பல் தந்தியடித்தது. உபகாரம் யோசிக்கவில்லை. குளிர்கிறவனுக்குப் போர்த்தக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அலமாரியைத் திறந்து, படத்துக்குப் பக்கத்திலிருந்த நீலக் கம்பளிச் சால்வையை எடுத்துக் கொடுத்தார். பூச்சி உருண்டை வாசம் அறையெல்லாம் பரவியது.

"மேடத்தோடதா?"

"ஆமாங்க."

"இது இல்லாமயா வெளிய போயிருக்காங்க? இந்தக் குளிருல?"

உபகாரம் காப்பி போட அடுப்படிக்குப் போனார். ஞானவேல் சால்வையை முகர்ந்தார். பிறகு சுவரைப் பார்த்தார். வெளுத்த சதுரத்தையும், வெறும் ஆணியையும். அதற்கு மேல் மேடத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. காப்பி வந்தது, குடித்தார். மரியசூசையின் பூண்டுக் காட்டைப் பற்றியும், பனிக்கு மணியடிக்கிற விஷயத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டார். நிற்காமல் அடிக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டார். "அவதான்" என்றார் உபகாரம்.

மூன்று மணிக்கு ஞானவேல் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"சார், இது விசிட் ரிப்போர்ட். இதுல பர்ச்சேஸ் மேனேஜர் கையெழுத்து இருந்தா ஒங்க கம்பெனி லிஸ்ட்ல இருக்கும். சாம்பிள், லெட்டர் எல்லாம் வழக்கம் போல வந்துக்கிட்டிருக்கும். இல்லேன்னா எடுத்துருவாங்க. நான் சொல்லிக் கேக்க மாட்டாங்க." பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். "நான் அந்தச் சன்னல் பக்கமா நிக்கிறேன். மேடம் வந்தா போட்டுட்டுப் போகட்டும்."

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உபகாரம் பேனாவை எடுத்தார். அந்த வாலிழுத்த கையெழுத்து அவருக்கு மனப்பாடம். படிவத்தில் போட்டபோது அவளைக் கேட்டுப் போட்ட மாதிரி இருந்தது. இன்று அவளை முகம் மேலாக அலமாரிக்குள் படுக்க வைத்திருக்கிறார்.

"சார், இதென்ன, இத இங்கயா வச்சிருக்கீங்க?" சன்னல் பக்கமிருந்து ஞானவேல் திரும்பாமலே கேட்டார்.

"அழிக்கிறதுக்குங்க. வெயிலே சரியா இல்ல."

"வெயில் எவ்வளவு இருந்தாலும் பிரயோசனமில்ல சார். சாதாக் கண்ணாடி, அழிக்கிற அந்த அல்ட்ரா வயலட் கதிர உள்ள விடாது. சில்லு மேல இருக்கிற கண்ணாடி வேற, இது வேற. எத்தன நாளா வச்சிருக்கீங்க?"

"ஒரு வருஷத்துக்குக் கிட்ட."

உபகாரம் தாளைப் பார்த்தார். அதில் டைப் அடித்திருந்த 'திருமதி'யை ஒரு கோட்டால் அடித்து, தெரசம்மாள் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுதினார். பக்கத்தில் தேதியும் போட்டார், 9.7.1982. அதன் கீழே தன் கையெழுத்து.

ஞானவேல் வந்து படித்துப் பார்த்து, மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"இனிமே எதுவும் வராதுங்க சார்."

"தெரியும்."

"போட்டிருக்கலாம். நான் பாக்கலையே."

"அவ பாத்திருப்பா" என்றார் உபகாரம்.

நாலு மணி பஸ்ஸுக்கு அவரை மேலே கொண்டுவிட்டார். படியேறும் பாதியில் ஞானவேல் சால்வையைக் கழற்றி, நாலாக மடித்துக் கையில் கொடுத்தார். பஸ் மூட்டத்துக்குள் போன பிறகும் இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்டது. உபகாரம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் படத்தை எடுத்து ஆணியில் மாட்டினார்.

டிசம்பரில் வானம் தெளிந்தது. எலிப்பொறி ஒன்றை வாங்கி, கறுப்பு நுரையோடு சில்லை அதற்குள் வைத்து, கூரைத் தகரத்தில் கட்டினார். குரங்குகள் பொறியைச் சுற்றி உட்கார்ந்து, கம்பிக்குள் விரலை விட்டுப் பார்த்து, எட்டாமல் திட்டிவிட்டுப் போயின. சாயங்காலம் வெள்ளனே இறக்கி விடுவார், பனி படாமல். பன்னிரண்டு நாளில் சுத்தமாக அழிந்துவிட்டது. கட்டளைகளை மறுபடி ஏற்றி, தை பிறப்பதற்குள் பூண்டியில் மரியசூசை வீட்டுக் கட்டிலின் தலைமாட்டில் மணியைப் பொருத்தினார். அது ஒருநாள் விடியற்காலம் அடித்தது. அடித்ததை உபகாரம் கேட்கவில்லை. மரியசூசை அடுத்த வாரம் சந்தைக்கு வந்தபோது சொன்னார்.

"என்னய்யா மணி அது, நிக்கவே மாட்டேங்குது. ஊரே திட்டுது."

"செடி?"

"செடி நிக்குது."

அந்தப் புத்தாண்டுக்குப் பெங்களூரிலிருந்து எதுவும் வரவில்லை. பிப்ரவரியிலும், ஜூலையிலும் வரவில்லை. மலைச்சாமி மேல் ரோட்டிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். கீழே இறங்க அவருக்குக் காரணமில்லை. உபகாரம் சில நாள் படிக்கட்டில் நின்று பார்ப்பார், பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

1986 டிசம்பர் கடைசியில் மலைச்சாமி படியிறங்கி வந்தார். கையில் சுருட்டிய நீள உறை. சாம்பிள் கொடுக்கும் பட்டியல் ஒருவர் கையிலும், வாழ்த்து அனுப்பும் பட்டியல் வேறொருவர் கையிலும் இருந்திருக்க வேண்டும். இரண்டாமவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது; போன வருஷக் காலண்டர் தபாலில் எங்கோ தவறியிருக்க வேண்டும்.

"அக்காவுக்குக் காலண்டர் வந்திருக்குண்ணே" என்றார் மலைச்சாமி. இந்தத் தடவை ரூல்சைப் பற்றி அவர் பேசவில்லை.

உபகாரம் உறையை வாங்கி, டைப் அடித்திருந்த பெயரைப் படித்தார். "வேற ஒண்ணுமில்லையா?"

மலைச்சாமி பைக்குள் கைவிட்டு ஒழுங்காகத் துழாவிப் பார்த்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே."

"சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காலண்டரை மாட்ட ஆணி தேடி உள்ளே போனார்.