முன்சக்கரத்து மூடி

கார்த்திகேசனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே ஓட்டையைப் பார்த்தாலும் அடைத்துவிடுவார். கிளிஞ்சல்மேட்டில் இருபது வருடம் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டவர். ஓட்டை என்றால் தண்ணீர் உள்ளே வரும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கோவில்பத்தில் கார் ஷெட் போட்டுப் பத்து வருடமாகியும் கை மாறவில்லை. சமையலறையில் புகை போவதற்கு விட்டிருந்த துவாரத்தைக்கூடப் படகு ஒட்டும் ரெசின் பூசி மூடிவிட்டார். அதற்காக மனைவி பிரதீபாவிடம் வாங்கும் வசவு இன்னும் ஓயவில்லை. ஆனாலும் தப்பு என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, அப்துல் லத்தீப் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேர் உட்காரும், கூரையில்லாத சிவப்பு வண்டி. பிரான்சிலிருந்து ஊர் திரும்பியபோது கப்பலில் ஏற்றி வந்தது. மறுநாள் மகள் தஹ்ஸீனுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையை வாப்பா வண்டியில்தான் அழைத்து வரவேண்டும் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். இந்த நேரம் பார்த்து இடது முன்சக்கரம் கரகரவென்று அரைக்கிறது.

“பேரிங்ல கிரீஸ் காஞ்சிருக்கும் பாய். மூடியக் கழட்டிப் பாத்துடலாம்.”

“மூடி பத்திரம் கார்த்தி. அது நசுங்குனா வேற கெடைக்காது. நாளைக்கு ஊரே வேடிக்கை பாக்கும்.”

சக்கரத்தைக் கழற்றியாயிற்று. அச்சு முனையில், சக்கர நடுவே வெளியே தெரியும்படி, சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல இருந்த அந்த மூடி மட்டும் அசையவில்லை. எண்ணெய் விட்டார். விளிம்பைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டினார். துணி சுற்றிக் குறடால் பிடித்துத் திருகினார். மதியச் சாப்பாடு டிபன் பாக்ஸிலேயே ஆறிப்போனது. பேசாமல் கிரைண்டரால் அறுத்துவிட்டு, துருப்பிடித்துப் போச்சு என்று சொல்லிவிடலாமா என்று கூட அவருக்குத் தோன்றியது. கிரைண்டரைக் கையிலும் எடுத்துவிட்டார்.

அப்போது லத்தீப் கைப்பேசியோடு ஓடிவந்தார்.

“பாரிஸ்ல என் கூட்டாளிகிட்ட கேட்டேன். மூடி நடுவுல ஒரு ஓட்டை இருக்காம். அதுல ஸ்க்ரூவ விட்டு முறுக்குனா முனை அச்சுல முட்டி, மூடி தானா வெளிய வந்துருமாம்.” குனிந்து பார்த்தார், மறுபக்கமும் போய்ப் பார்த்தார். “ஓட்டையவே காணுமே? அந்தப் பக்கத்து மூடியிலயும் இல்ல!”

இரண்டு வருடத்துக்கு முன் வண்டியைக் கழுவும்போது அந்த ஓட்டைகளைப் பார்த்தவர் கார்த்திகேசன்தான். பாவம், பாய் கவனிக்கவில்லை போல என்று ரெசின் வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளி நிறம் பூசி, யார் கண்ணுக்கும் தெரியாமல் செய்துவிட்டு, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டவரும் அவர்தான்.

கிரைண்டரைக் கீழே வைத்தார்.

“நான்தான் பாய் அடைச்சேன். ரெண்டு பக்கமும்.”

“ஏன்?”

“ஓட்டையா இருந்துச்சு.”

லத்தீப் திட்டத்தான் வாயைத் திறந்தார், சிரிப்பு வந்துவிட்டது. “யா அல்லாஹ்! இது என்ன உன் படகா? தொறந்து விடு!”

மெல்லிய டிரில்லால் ரெசினை மட்டும் குடைந்தெடுத்தார். ஸ்க்ரூவை விட்டு அரைச் சுற்று, இன்னும் அரைச் சுற்று. டொக்கென்று மூடி அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு கீறல் இல்லை. உள்ளே கிரீஸ்தான் காய்ந்து கட்டியாகியிருந்தது, பேரிங் நன்றாகவே இருந்தது; புது கிரீஸ் வைத்தால் போதும். கார்த்திகேசனுக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தைத் துடைக்கிற சாக்கில் கன்னமெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டார்.

மறுநாள் வண்டி மாப்பிள்ளையோடு வந்தபோது, தெருவோரம் பிரதீபாவுடன் நின்றிருந்தார். லத்தீப் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துக் கத்தினார்.

“ஓட்டை அப்படியே இருக்குல்ல?”

“அப்படியேதான் இருக்கு பாய்!”

“மாப்பிள்ளை எப்படி?” என்று பிரதீபா கணவரிடம் கேட்டாள்.

“மாப்பிள்ளைய யாரு பாத்தா? சக்கரம் சத்தமே போடல, கவனிச்சியா?”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், சட்டையைக்கூடக் கழற்றாமல், டிரில்லை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.