எனக்குக் காட்டாத கால்

பிலோமினா அக்கா இறந்துவிட்டார் என்று வார்டிலிருந்து போன் வந்தபோது, ஏரலிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயியின் கால் பெருவிரலில் சின்னப் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். என் இடத்தில் அக்கா இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

அவர் வார்டில் நர்ஸ். நான் பரிசோதனை அறையில். காலின் ரத்தக்குழாயில் பலூன் வைத்து அடைப்பை நீக்கியதும் குணமாகிவிட்டதாகவே எல்லோரும் நினைப்பார்கள். விரல்களில் மயிரிழை போல ஓடும் குழாய்களில் ரத்தம் ஏற நாளாகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏறாமலே போவதும் உண்டு. வேம்பார் உப்பளத்துக்காரர் ஒருவருக்கு அக்கா அதைச் சொன்ன விதம் அவரோடு வார்டில் வேலை பார்த்த உங்களுக்கும் நினைவிருக்கும்: “அண்ணாச்சி, வாய்க்காலத் தொறந்தாச்சு. பாத்தியில தண்ணி ஏறவேண்டாமா? அதுக்குள்ள செருப்பில்லாம எங்க ஓடுதீய?”

சாக்ஸைக் கழற்றக் கூச்சப்பட்ட பெண்ணிடம், “ஏளா, காலு என்ன கல்லறையா, மூடியே வைக்க? காட்டுளா” என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே காட்டினாள்.

போன வருடம் அக்காவுக்கே இடது காலில் அடைப்பு எடுத்தார்கள். கணுக்காலில் துடிப்பு நன்றாக வந்தது. “காலு பொழச்சிட்டுளா” என்று அழுதார். பெருவிரலில் ரத்த அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்றேன். “பயந்தாங்கொள்ளி” என்று கன்னத்தைக் கிள்ளினார். மாதா கோயில் திருவிழாவுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன். “பஸ்லதான். ஒன் தலையில அடிச்சிச் சொல்லுதேன்.”

பஸ்ஸில் போகவில்லை. கால் பிழைத்தால் வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்ந்திருந்தார். தார்ச்சாலையில் நடந்தே போனார். சர்க்கரையால் சூடு உறைக்காத பாதத்தில் கொப்புளம் கண்டது. பிறகு நான் காலைக் காட்டச் சொன்னபோதெல்லாம், “நல்லாருக்குளா, வேலையப் பாரு” என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லியிருப்பேன். அக்கா சொன்னதால் நம்பினேன். விரல் கறுத்து, புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்த பிறகுதான் அந்தக் காலைப் பார்த்தேன்.

அடக்கத்தன்று அவருடைய தங்கை சொன்னார்: “கொப்புளத்தப் பத்தி ஒங்கிட்ட மட்டும் சொல்லிராதன்னு சொன்னா. நீ ஏசுவியாம்.”

திருவிழாவுக்கு அவரோடு கூட நடந்த உங்களில் பலருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஆமாம், ஏசியிருப்பேன். மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே ஏசியிருப்பேன். அந்த ஏச்சுக்குப் பயந்து உயிரையா கொடுப்பார்கள்? அவரையும் உங்களையும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவருடைய சிரிப்பை நினைத்துக்கொள் என்கிறார்கள். எனக்கு மிஞ்சியது “நல்லாருக்கு” என்ற அந்த ஒரு சொல்தான். இப்போது யார் அதைச் சொன்னாலும் நம்புவதில்லை. குனிந்து, அவர்கள் செருப்பின் வாரை நானே அவிழ்க்கிறேன்.